எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா, வேண்டாமா? – ஒரு கணக்குப் பாடம்



போன ஐப்பசியில் எங்க தவளக்குப்பத்துத் தம்பி ஒருத்தர் என் கொட்டகை முன்னாடி வந்து நின்னார். கையில் பிரஷ் கட்டர் இல்லை. ஒரு காகிதம்தான் இருந்தது. "மேனேஜர் சார், நீங்க சொல்லித்தானே வாரண்டி போட்டேன். முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் மற்றவர் கணக்கைப் பார்த்தவன் நான். இந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்காமல் யோசனை சொல்லிவிட்டேன். அதை இப்போது உங்கள் முன் வைத்துப் பார்க்கிறேன். அவருக்கு வந்த நட்டம் இன்னொருத்தருக்கு வரக்கூடாது.

நடந்தது என்ன?

தம்பிக்குச் சொந்த நிலம் அரைக்காணிதான். களைக்கொல்லி அடிக்காத எங்களைப் போன்றவர்களின் தோப்பிலும் வரப்பிலும் கூலிக்குப் புல் வெட்டித்தான் குடும்பம் நடக்கிறது. தை மாசம் ரூ.11,500க்கு ஒரு பிரஷ் கட்டர் வாங்கினார். கம்பெனி வாரண்டி 6 மாதம். கடையில், "இன்னும் ஒரு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கோங்க, ரூ.1,500, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து ரூ.1,770" என்றார்கள். தம்பி எனக்கு போன் செய்தார். "பிழைப்பே அந்த மெஷின்தானே, போட்டுடுப்பா" என்று நான்தான் சொன்னேன்.

ஒன்பதாவது மாதம் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. மழை விழுந்து புல் மளமளவென்று வளர்கிற நேரம். சர்வீஸ் சென்டரில் கொடுத்தார். அவர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். 11 நாள் கழித்து வந்த பதில்: "வணிகப் பயன்பாடு, வாரண்டி பொருந்தாது." மெஷினைத் திரும்ப வாங்கி வந்து ஜங்ஷன் பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டினால், இக்னிஷன் காயில் போயிருந்தது. அரை நாளில் மாற்றிக் கொடுத்தார். ரூ.950.

செலவு போக நாளுக்கு ரூ.700 என்று வைத்தாலும் 11 நாளில் ரூ.7,700 போச்சு. வாரண்டிக்குக் கட்டிய ரூ.1,770 தனி. ஆக ரூ.9,470. மெஷின் விலைக்கு ரூ.2,030தான் குறைவு. வாரண்டி என்ற ஒன்றே இல்லாமல் இருந்திருந்தால், முதல் நாளே மெக்கானிக்கிடம் போயிருப்பார். ரூ.950ம் அரை நாளும்தான் செலவு.

பெருக்கல் வகுத்தல் போதும்

கவுண்டரில் நிற்கும்போது நாம் கேட்பது, "ரிப்பேர் வந்தா என்ன பண்றது?" என்ற கேள்வி. அது பயத்தின் கேள்வி. நானே ஒரு காலத்தில் மார்ச் மாத டார்கெட்டுக்காக, கடன் வாங்க வந்தவர்களிடம் அந்தப் பயத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் விற்றவன்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நூறு மெஷினில் எத்தனை மெஷின், இந்தக் குறிப்பிட்ட காலத்தில், இந்த வாரண்டி ஏற்கிற மாதிரி பழுதானால், நான் கட்டுகிற பணம் சரியாகும்?"

கணக்கு எளிது. வாரண்டி விலையை, அது ஏற்கக்கூடிய ரிப்பேர் செலவால் வகுங்கள், நூறால் பெருக்குங்கள்.

தம்பியின் மெஷின்: காயில் ரூ.950. வாரண்டி ரூ.1,770. பழுது நிச்சயம் வரும் என்று எழுதிக் கொடுத்தாலும் நட்டம்தான். பெரிய செலவு என்றால் பிஸ்டன்–சிலிண்டர் செட். கூலியோடு ரூ.4,000 வைத்துக்கொள்வோம். 1,770ஐ 4,000ஆல் வகுத்தால் 44. நூறு மெஷினில் 44 மெஷினுக்கு, அந்த ஒரே வருஷத்தில் பிஸ்டன் போகணும். அப்படிப் போகிற மெஷினை யார் விற்பார், யார் வாங்குவார்? அதுவும் பிஸ்டன் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஆயில் கலவை தப்பினால்தான். அதை "பயன்படுத்தியவர் தவறு" என்று தள்ளிவிடுவார்கள்.

என் பேட்டரி ஸ்பிரேயர்: விலை ரூ.2,800. கேட்ட வாரண்டி ரூ.450. பேட்டரி சேராது, மோட்டார் மட்டும்தான். புது மோட்டார் ரூ.550. நூற்றுக்கு 82 மோட்டார் போனால்தான் கட்டுப்படி.

டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் கணக்கும் இப்படித்தான். அதில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். தேயும் பொருள் என்று அதைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுவார்கள். பத்திருபது நிமிஷத்தில் நாமே மாற்றக்கூடிய வேலை அது.

சின்ன எழுத்தில் இருப்பது

வாரண்டி காகிதத்தில் "எதற்குக் கிடைக்கும்" என்பது ஒரு வரியில் இருக்கும். "எதற்குக் கிடைக்காது" என்பது ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கணும். பொதுவாக இருப்பவை:

1. தேய்மானப் பொருள்கள்: பிளேடு, நைலான் கயிறு, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கார்பன் பிரஷ், பல திட்டங்களில் பேட்டரியும்.

2. வணிகப் பயன்பாடு, வாடகைக்கு விடுதல். தம்பி மாட்டியது இதில்தான்.

3. வெளி ஆள் மெஷினைத் திறந்திருந்தால் வாரண்டி ரத்து. உள்ளூர் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாலே பிரச்சினை.

4. வெள்ளம், இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. என் கொட்டகையில் முழங்கால் தண்ணீர். கீழே வைத்திருந்த டிரில்லிங் மெஷின் முழுகிப்போச்சு. எந்த வாரண்டியும் அதற்கு வராது. அன்றைக்கு அதைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, ஆணியடித்து மாட்டிய ஒரு பலகைதான். இப்போது மாட்டியிருக்கிறேன்.

5. இது நமக்கே உரியது: "பரிந்துரைக்கப்படாத திரவம்." ஸ்பிரேயரில் நாம் ஊற்றுவது பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம். சக்கை போய் வால்விலும் நாசிலிலும் அடைக்கும். பம்பைத் திறந்து பார்த்தால் சாணி வாசனை வரும். அப்புறம் எங்கே வாரண்டி?

இன்னொன்றையும் கவனியுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி, கம்பெனி வாரண்டி முடிந்த மறுநாள்தான் தொடங்கும். தயாரிப்பிலேயே குறை உள்ள மெஷின் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் காட்டிக் கொடுத்துவிடும். அது ஏற்கெனவே இலவச வாரண்டிக்குள் வருகிறது. அதனால் புது மெஷினை மூலையில் வைக்காதீர்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே நன்றாக வேலை வாங்கிப் பாருங்கள்.

சட்டம் தருவது

காசு கொடுத்து வாங்கும் வாரண்டிக்கு முன்னால், சட்டம் சும்மா தருவதைத் தெரிந்துகொள்வோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. பொருளில் குறை, சேவையில் குறை என்றால், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே கொடுக்கலாம். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர், அந்தச் சட்டத்தின்படி நுகர்வோர்தான்; வணிகர் இல்லை. அதனால் தம்பி மாதிரி ஆட்களும் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். ஆனால் வாரண்டி காகிதத்தில் "கூலி வேலைக்குக் கிடையாது" என்று போட்டிருந்தால், அந்த நிபந்தனையோடும் போராட வேண்டியிருக்கும். ரூ.950 காயிலுக்காக அவர் அந்தப் போராட்டத்துக்குப் போகவில்லை. பில்லும் வாரண்டி அட்டையும் மட்டும் பத்திரமாக இருக்கட்டும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். கடை பில்லின் எழுத்து நாளடைவில் மங்கிப்போகலாம்.

இங்கிலாந்திலும் இதே தொல்லைதான். அங்கே போட்டி ஆணையம் வீட்டு மின்சாதன எக்ஸ்டெண்டட் வாரண்டிகளை ஆராய்ந்து 2003இல் அறிக்கை தந்தது. 2005இல் ஆணை வந்தது. வாரண்டி விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே காட்டணும். சொன்ன விலை 30 நாள் செல்லும். வாங்கியவர் 45 நாளுக்குள் ரத்து செய்து முழுப் பணம் பெறலாம். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கவுண்டரில் அவசரப்படுத்துவதுதான் இந்த வியாபாரத்தின் பலம். "அப்புறம் போட்டுக்கலாமா?" என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் போட விடுகின்றன. வீட்டுக்கு வந்து காகிதத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எப்போது போடலாம்?

எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரூ.68,000க்கு பவர் வீடர் வாங்குகிறீர்கள். ஒரு வருஷ வாரண்டி வரியோடு ரூ.4,130. கியர் பாக்ஸ் போனால் ரூ.16,000. நூற்றுக்கு 26 என்று வருகிறது. இதுவும் அதிகம்தான். ஆனால் கையில் சேமிப்பு இல்லை, ஒரே அடியில் 16,000 வந்தால் வட்டிக்குத்தான் வாங்கணும் என்ற நிலைமை என்றால் யோசிக்கலாம். அதற்கும் நாலு நிபந்தனை: கூலி உழவுக்கும் செல்லும் என்று எழுத்தில் இருக்கணும், கியர் பாக்ஸ் சேரணும், புதுச்சேரியிலோ கடலூரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கணும், எத்தனை நாளில் சரிசெய்து தருவார்கள் என்று சொல்லணும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வங்கியில் கற்றது இதுதான்: நம்மால் தாங்க முடியாத நட்டத்துக்குத்தான் அடுத்தவரிடம் காசு கொடுத்துக் காப்பு வாங்கணும். தாங்கக்கூடிய நட்டத்தை நாமே தாங்கினால் செலவு குறைவு.

எங்கள் ரிப்பேர் உண்டியல்

ரெண்டு வருஷமாக நாங்கள் ஆறு பேர் மாதம் ஆளுக்கு ரூ.100 போட்டு வருகிறோம். ரெண்டு வருஷத்தில் ரூ.14,400 சேர்ந்தது. ஒரு ரிப்பேருக்கு அதிகபட்சம் ரூ.1,500 தருவோம். தேய்மானப் பொருளும் சேரும். யார் தவறு என்ற விசாரணை இல்லை. இதுவரை செலவு ரூ.5,150. மீதி ரூ.9,250.

தம்பிக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, அந்த மீதியில் ரூ.4,500க்குப் பழைய பிரஷ் கட்டர் ஒன்று வாங்கி என் கொட்டகையில் வைத்திருக்கிறோம். யாருடைய மெஷின் படுத்தாலும் அன்றைக்கே அதை எடுத்துப் போகலாம். இழந்த வேலை நாளை எந்த வாரண்டியும் திருப்பித் தராது. மாற்று மெஷின் தரும். தம்பி இப்போது ஏழாவது ஆள். முதல் ஒரு வருஷச் சந்தாவை நான் கட்டினேன். அது என் கடன்.

காசில்லாத வாரண்டி

பஞ்சகவ்யாவையும் ஜீவாமிர்தத்தையும் பழைய வேட்டித் துணியில் ரெண்டு தடவை வடிகட்டி ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி ரெண்டு நிமிஷம் ஓட்டுங்கள்.

ஸ்பிரேயரில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி என்றால், தீர்ந்த நிலையில் விடாதீர்கள். அன்றே சார்ஜ் போடுங்கள். வேலை இல்லாத மாதத்திலும் ஒரு தடவை போடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கையேட்டில் உள்ள அளவில் ஆயில் கலக்குங்கள். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவு வேண்டாம், மருந்துக் கடை அளவுக்குப்பி போதும்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ரெண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டி வையுங்கள். கார்புரேட்டர் அடைப்பு குறையும்.

கடல் காற்று அடிக்கிற எங்க ஊரில் பிளேடும் ஸ்க்ரூவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவி, தரையில் வைக்காமல் மாட்டி வையுங்கள்.

மெஷின் வாங்கும்போது, விலைக்கு முன்னால் ஸ்பேர் பார்ட்ஸைக் கேளுங்கள். "இதுக்குக் காயில், கார்புரேட்டர், பிரஷ் நம்ம ஊர்ல கிடைக்குமா?" என்று மெக்கானிக்கிடம் விசாரித்துவிட்டு வாங்குங்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை குழு அமைத்தபோது, வேளாண் கருவிகளையும் அதில் சேர்த்தது. பாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவானாலும் மலிவில்லை.

வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைப்பதுதான் நம் வழி. உரத்தையும் பூச்சிமருந்தையும் விட்ட நாம், பயத்தை மட்டும் ஏன் கடையில் காசு கொடுத்து வாங்கணும்? அடுத்த தடவை கவுண்டரில் கேட்டால், "காகிதத்தைக் கொடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து வகுத்துப் பாருங்கள். பிறகு அந்தப் பணத்தை உண்டியலில் போடுங்கள்.