காட்டுக்கருணைக்குப் புளி வைத்தியம்

மழைக்குப் பின் எங்கள் ஏரிக்கரையில் காட்டுக்கருணை முளைத்திருக்கிறது. தோண்டிச் சமைக்கலாமா? தொண்டை அரிக்காதிருக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, கண்டமங்கலம்

சமைக்கலாம், அம்மா, ஆனால் இப்போதன்று. இலை வாடிச் சாய்ந்த பிற்பாடு, தை மாசியில்தான் கிழங்கு முற்றும். ஊசி வடிவான கால்சியம் ஆக்சலேட் படிகங்களே தொண்டையில் தைத்து உபத்திரவம் செய்பவை ஆதலால், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டங்களை அரிசி கழுவிய நீரில் புளி கரைத்துக் குழைய வேகவைத்து, அந்நீரைத் தாட்சண்யமின்றிக் கொட்டிவிட்டு, மறுபடியும் புளிக்குழம்பிலிட்டுக் கொதிக்க விடுவதே நம் பாட்டிமார் சம்பிரதாயம். அவசரக்காரருக்கு ஏற்ற பதார்த்தமன்று!

ஆனால் அதே ஏரிக்கரையில் செங்காந்தளும் படரும். மாநில மலர் என்ற கௌரவம் அதற்கு உண்டாயினும், கவைத்த அதன் கிழங்கிலுள்ள கோல்சிசின் எவ்வளவு புளியிட்டு எத்தனை நாழிகை கொதிக்கவைத்தாலும் அடங்காத விஷம். இலங்கையில் அதை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு மாண்டவர்களும் உண்டு. கருணையோ உருண்டைக் கிழங்கு. புள்ளி படர்ந்த ஒற்றைத் தண்டின் உச்சியில் இலை குடையாய் விரிந்திருக்கும். காந்தள் இலையின் நுனியோ சுருண்டு கொடியைப் பற்றிப் படரவைக்கும். இலை உதிர்ந்தபின் இந்தப் பேதம் புலப்படாதாகையால், இப்போதே கருணைச் செடியருகில் குச்சியொன்று நட்டு வையுங்கள்.