லைசென்ஸ் வேண்டாத வண்டி

பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்த கையோடு சென்னை அசோக் நகர் வீடுகளில் வண்டிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. காலையில் பள்ளி, மாலையில் கே.கே. நகரில் கணக்கு டியூஷன், அங்கிருந்து மேற்கு மாம்பலத்தில் கெமிஸ்ட்ரி. பையன் எப்படிப் போய்வருவான் என்று அப்பா யோசிப்பதற்குள் பையனிடம் பதில் தயாராக இருக்கிறது: கூடப் படிக்கிறவன் வைத்திருக்கும் அதே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், முடிந்தால் அதே நிறத்தில். நான் இயற்பியல் டியூஷன் எடுப்பவன். இந்த வண்டிகள் என் வாசலில்தான் வரிசையாக நிற்கின்றன. ஏன் இதை வாங்கினாய் என்று கேட்டால், “லைசென்ஸ் வேண்டாம் சார்” என்பதற்கு மேல் ஒருவரும் காரணம் சொன்னதில்லை.

பஸ், மெட்ரோ, சாதாரண சைக்கிள் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயம்பேடு, ஆலந்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு அசோக் நகர் மெட்ரோ இருக்கிறது; வண்டியே வேண்டாம். மிச்சம் மூன்று. பெடல் மிதிக்க மிதிக்க மோட்டார் துணைக்கு வரும் எலெக்ட்ரிக் சைக்கிள் ஒன்று. பதிவெண் இல்லாமல் ஓடும் குறைவேக ஸ்கூட்டர் இரண்டாவது. பதிவெண், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்கும் முழு ஸ்கூட்டர் மூன்றாவது.

முதல் இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அது எதனால் என்று தெரிந்துகொள்ளாமல் ஷோரூமுக்குள் கால் வைக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் சில வரம்புகளை வகுத்திருக்கின்றன. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள். பேட்டரியைக் கழித்துவிட்டு எடை 60 கிலோவுக்குள். அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் இவற்றைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். இத்தனையும் பொருந்தினால் அந்த வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே பார்ப்பதில்லை. ஒன்று மீறினாலும் சலுகை போய்விடும்.

இனி அந்த இரண்டாவது வண்டியைப் பற்றி. பையன் 60 கிலோ, வண்டி 60, ஈய பேட்டரி 25, பின்னால் உட்காரும் நண்பன் இன்னொரு 60. மொத்தம் 205 கிலோ. துரைசாமி சுரங்கப்பாதையில் இறங்கித் தி. நகர்ப் பக்கம் ஏறுகிறான். நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். டயர் உராய்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 250 வாட் மோட்டாரால் அந்தப் பாரத்தை மணிக்கு 9 கி.மீ. வேகத்தில்தான் தள்ள முடியும். பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. முப்பது நிமிடத் திறன் என்பது மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகாமல் அரை மணி நேரம் தாங்கும் திறன். கொஞ்ச நேரத்துக்கு அதைவிட அதிகமாகவும் இழுக்கும்; தினமும் அப்படி இழுத்தால் மோட்டாரும் கண்ட்ரோலரும் கருகிப்போகும்.

இப்படி ஒரு வாரம் ஓட்டிச் சலித்த பையன் கடைக்குத் திரும்பப் போகிறான். “லாக் எடுத்துடலாம் தம்பி, நாற்பத்தஞ்சு போகும்” என்கிறார்கள். வேகத்தை 25க்குள் பிடித்துவைக்கும் கட்டுப்பாட்டைத்தான் லாக் என்கிறார்கள். சில கடைகளில் வாங்குகிற அன்றே, கேட்காமலே எடுத்துத் தருகிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட, நன்றாகப் படிக்கிற என் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வேகம் 25லிருந்து 45 ஆனால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்கு? மூன்றே கால் மடங்கு என்று உடனே சொல்லிவிடுவார்கள். அவ்வளவு ஆற்றலையும் கரைக்க வேண்டியது 25 கி.மீ. வேகத்துக்காகப் பொருத்திய அதே டிரம் பிரேக்தான். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, நூறடி ரோட்டில் திரும்பும் தண்ணீர் லாரிக்கு முன்னால் அந்தக் கணக்கு ஞாபகம் வருவதில்லை.

லாக் எடுத்த அந்த நிமிடமே அது மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை, ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. எனக்குத் தெரியாது என்று அப்பா சொன்னால் போதாது, தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். நடந்து போகிறவர் மீது மோதினால் இழப்பீடும் அப்பா பையிலிருந்துதான் போகும்.

“சட்டம் மாறப்போகுதாமே சார், 1,500 வாட் வரைக்கும் விடப்போறாங்களாமே?” என்று போன வாரம்கூட ஓர் அம்மா கேட்டார். அவர் சொல்வது 2024 கடைசியில் செய்தியான மோட்டார் வாகனச் சட்டத் திருத்த வரைவை. 16 வயதில் 50 சிசி வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்த அளவில் புது வண்டி எங்கே கிடைக்கிறது? எல்லோர் வீட்டிலும் ஓடிய டிவிஎஸ் 50-இன் வாரிசே இன்று 99.7 சிசி. அந்த வெற்றிடத்தில்தான் 1,500 வாட் எலெக்ட்ரிக் வண்டியை வைக்கிறது வரைவு. அதிலும் வேகம் 25 கி.மீ.தான், லைசென்ஸும் வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வரைவை நம்பி வண்டி வாங்குவது வினாத்தாள் கசியும் என்று நம்பிப் படிக்காமல் போவதைப் போன்றது.

சீனாவைப் பாருங்கள். இந்த ரக வண்டிக்கு 1999இல் 40 கிலோ, 20 கி.மீ. வேகம், 240 வாட் என்று வைத்த வரம்பு 2018 தரத்தில் 55 கிலோ, 25 கி.மீ., 400 வாட் ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து ஈய பேட்டரி வண்டிக்கு மட்டும் 63 கிலோ வரை அனுமதி. எடை ஏறியது, வேகம் 25இலேயே நிற்கிறது. லாக் எடுக்க முடியாதபடி செய்யும் விதிகளையும் இறுக்கியிருக்கிறார்கள். அங்கே பேட்டரியோடு சேர்த்து எடை பார்க்கிறார்கள், நம் விதியோ பேட்டரியைக் கழித்துவிடுகிறது. திருத்த வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. ரோட்டில் மோதும்போது பேட்டரியும் சேர்ந்துதானே மோதுகிறது?

சார்ஜ் போடும் இடத்தையும் பாருங்கள். இங்கே பழைய ஹவுசிங் போர்டு பிளாட்டுகள் நிறைய, லிஃப்ட் கிடையாது. 25 கிலோ பேட்டரியை மூன்றாம் மாடிக்குத் தூக்க முடியாமல் மாடிப்படிக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து ராத்திரி முழுக்க விடுகிறார்கள். வேலூரில் 2022 மார்ச்சில் வீட்டில் இரவு சார்ஜில் போட்ட எலெக்ட்ரிக் வண்டி தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். மாடிப்படிதான் எல்லோரும் தப்பிக்கிற வழி. அங்கே சார்ஜ் போடவே கூடாது.

அப்படியானால் எது? தயங்காமல் சொல்வேன், பெடல் உள்ள எலெக்ட்ரிக் சைக்கிள். வண்டி 22 கிலோ, பையன் 60. அதே 250 வாட்டோடு அவன் கால் தரும் 75 வாட்டும் சேர்ந்தால், ஐந்து சதவீத ஏற்றத்தில்கூட 20 கி.மீ.க்குக் குறையாமல் ஏறுவான். பேட்டரி இரண்டு மூன்று கிலோதான், கழற்றிப் பையோடு மேலே எடுத்துப் போகலாம். ஒரு முழு சார்ஜுக்கு அரை யூனிட்கூட ஆகாது. சார்ஜ் தீர்ந்தால் மிதித்து வீடு வரலாம். ஸ்கூட்டர் என்றால் தள்ள வேண்டும். நான் நங்கநல்லூரிலிருந்து கிண்டிக்குச் சைக்கிள் மிதித்துப் படித்தவன். வியர்வை, வெயில் என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் எனக்குப் பெரிய இரக்கம் கிடையாது. பிரேக் பிடித்தால் மோட்டார் உடனே நிற்கிறதா, மிதிப்பதை விட்டதும் விடுகிறதா என்று ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்காரர் அதன் பின் சக்கரத்துக்குப் பஞ்சர் போடுவாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

முழு ஸ்கூட்டர் நல்ல வண்டிதான். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேறு இடங்களிலும் செய்கிறார்கள், நாட்டிலேயே தேர்ந்த வண்டிகள் அவற்றில் உண்டு. 18 வயதாகட்டும். ஓட்டுவதற்கும் ஒரு கண் வேண்டும். எதிரே வருகிறவன் என்ன செய்யப்போகிறான் என்று முன்பே தெரிகிற கண் சில பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு இருபது வயதில் வரும். இரண்டு வருடம் சைக்கிளில் போனவனுக்கு அது தானாக வந்திருக்கும். பாடத்தில் குறுக்கு வழி தேடுகிறவனே வண்டியிலும் தேடுகிறான் என்பதை என் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு குறைவேக ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், கடையில் சோதனை நிறுவனச் சான்றின் நகலைக் கேளுங்கள். பில்லில் 250 வாட், 25 கி.மீ., எடை இவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.