இரு சபாபதிகள்

நகை நான்கு வகையாற் பிறக்கும் எனத் தொல்காப்பியம் கூறும். அவற்றுள் பேதைமையும் மடனும் இரண்டாம். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் உணர்த்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமை. இந்நுட்பமான வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டுவது, 1941ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சபாபதி’ என்னும் திரைப்படம்.

பம்மல் சம்பந்த முதலியார் இயற்றிய நகைச்சுவை நாடகத்தை ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் திரைப்படமாக்கினர். அதில் தலைவன் பெயரும் சபாபதி. பணியாளன் பெயரும் சபாபதி. தலைவன், செல்வத்திற் பிறந்தும் கல்வியிற் பின்தங்கிய இளைஞன். பேதைமைக்கு எடுத்துக்காட்டு ஆவான். பணியாளனோ, ஏவியவர் கருத்தை விடுத்துச் சொல்லை மட்டும் பற்றிக்கொள்பவன். மடனுக்கு எடுத்துக்காட்டு ஆவான்.

பெயர் ஒன்றாயினும் நடிகர் இயல்பால் வேறுபடுதல் வேண்டுமன்றோ? தலைவனாக டி. ஆர். இராமச்சந்திரன் நடித்தார். இளமைத் தோற்றமும் மருண்டு உருளும் விழிகளும் அவரைப் பேதைமையின் வடிவாகவே காட்டின. பணியாளனாக, அவரினும் அகவையில் மிக மூத்த காளி என். இரத்தினம் நடித்தார். ஆண்டில் முதிர்ந்த ஒருவர் சிறுபிள்ளைபோலச் சொன்னதைச் சொன்னபடியே செய்யுங்கால் நகை பன்மடங்காகிறது. இருவரும் நாடக மேடையிற் பயின்றவர்கள். ஆதலின், தாம் நகைப்புக்கு உரியவர் என்பதை அறியாதவர் போலவே நடித்தனர்.

பணியாளனை மட்டும் எள்ளியிருப்பின் அந்நகை இழிந்ததாகும். தலைவனும் பணியாளனும் ஒரே பெயர் பூண்டு ஒருங்கே நகைக்கப்படுதலின், அறியாமைக்கு உயர்வு தாழ்வு இல்லை என்பது புலனாகிறது. மாணவர்களே, சிரிக்குங்கால் யாரைக் கண்டு சிரிக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.