பாடம் 6: கேட்டதற்கு விடை

நுழையும் முன்

மாணவர்களே! "உன் தந்தை என்ன வேலை செய்கிறார்? வீட்டில் என்ன சமைப்பீர்கள்? உங்கள் சொந்த ஊர் எது?" என்னும் வினாக்களை நீங்கள் பலமுறை எதிர்கொண்டிருப்பீர்கள். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவற்றுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் எளிதன்று. கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் வாழும் மாணவி ஒருத்தி, நாக்பூரில் வாழும் தன் தோழிக்கு எழுதும் கடிதம் இங்குப் பாடமாக அமைகிறது. கடிதம் கற்பனை, ஊரும் அதன் வரலாறும் உண்மை.

கடிதம்

கோலார் தங்கவயல்,
12 சனவரி.

அன்புத் தோழி யாழினிக்கு,

வணக்கம். நலம்; நலமறிய ஆவல். பெங்களூரு விளையாட்டுப் போட்டியில் நாம் சந்தித்தபின் நீ எழுதிய கடிதம் தீபாவளிக்கு முன்பே கிடைத்தது. தந்தையின் வேலை, உணவு, வீடு, இசை என நான்கினைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்றற்கு அன்றே விடை எழுதிவிட்டேன். முதல் வினாதான் என்னைப் பொங்கல் வரை தாமதிக்கச் செய்தது.

"என் தந்தை பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார்" என்று முதலில் எழுதினேன். தாத்தாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால், வரும் கடிதத்தையும் எழுதும் கடிதத்தையும் படித்துக் காட்டச் சொல்வார். அன்றும் படித்தேன்.

"அலுவலகத்தின் உள்ளேயா, வாயிலிலா?" என்று கேட்டார்.

"வாயில் என்றே எழுத வேண்டுமா, தாத்தா?" என்றேன்.

"எழுதினால் தாள் கிழிந்துவிடுமா?" என்றார்.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். இன்று உள்ளபடி எழுதுகிறேன். என் தந்தை ஓர் அலுவலகக் கட்டடத்தின் காவலாளி. விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் தொடர்வண்டி ஏறுவார். பெங்களூரு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. இரவு அவர் திரும்பும்போது தம்பி உறங்கியிருப்பான். எங்கள் தெருவில் இவ்வாறு சென்று வருவோர் பலர்.

தாத்தா சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். ஆங்கிலேயரின் ஜான் டெய்லர் நிறுவனம் 1880ஆம் ஆண்டு இங்குப் பொன் எடுக்கும் பணியைத் தொடங்கியது. அதற்கு ஆள்கள் தேவைப்பட்டபோது வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்களுள் எம் முன்னோரும் இருந்தனர். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்கு அது 1905ஆம் ஆண்டில்தான் சென்றது. சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். இரும்புக் கூண்டில் இறங்குவார்களாம். ஆழம் கூடக்கூடப் பாறை சுடுமாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அப்போது என் தந்தைக்கு வயது இருபத்தொன்று. சுரங்க வேலைக்குக் காத்திருந்தவர், பெங்களூரு வண்டியில் ஏறினார். தாத்தாவின் வேலை போய்விட்டது; பாறைத்தூசி மட்டும் அவர் நுரையீரலில் தங்கிவிட்டது.

"பொன் விளையும் ஊரில் வாழ்கிறாயே, உங்கள் வீட்டில் நிறையப் பொன் இருக்குமா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆயாவின் மூக்குத்தி ஒன்றே உண்டு. அதுவும் கடையில் வாங்கியது.

எங்கள் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். "களி கிண்டக் கற்றுத் தருவாயா?" என்று கேட்டாய். ஆயாவிடம் வந்து கற்றுக்கொள். "சமையலில் உதவுவாயா?" என்றும் கேட்டாய். உதவுவேன். மார்கழியிலும் தையிலும் மொச்சைக் காய் உரிப்பது என் பொறுப்பு. பக்கத்து வீட்டார் கன்னடம் பேசுவோர். அவர்கள் வீட்டிலும் இம்மாதங்களில் மொச்சைக் குழம்பு மணக்கும்.

எங்கள் வீடு லைன் வீடு. தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளுக்கு அப்பெயர். ஓர் அறை, ஓர் அடுக்களை, வெளியே ஒரு திண்ணை. திண்ணையில் அமர்ந்தால் சாம்பல் நிற மண்குன்றுகள் தெரியும். பாறையைப் பொடித்து, சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண் அது. காற்று வீசினால் அத்தூசி வீட்டுக்குள் வராதவாறு சாளரங்களை அடைப்போம். ஊருக்குப் புதியவர்கள், "சுரங்கம் எங்கே?" என்று கேட்டால், "அதோ" என்று தாத்தா திண்ணையிலிருந்தே கைகாட்டுவார்.

இசையைப் பற்றிக் கேட்டாய். தாத்தா இளமையில் தெருக்கூத்துக்குப் பின்பாட்டுப் பாடியவர். தம்பியிடம் "பாடுவாயா?" என்று கேட்டால், "தொண்டை கட்டிக்கொண்டது" என்பான். நான் பாடுவேனா என்கிறாயா? தாளம் போடுவேன். இந்தப் பொங்கலுக்குப் பாடுவீர்களா என்று தாத்தாவிடம் கேட்டேன். "பாடினால் மூச்சு வாங்கும்" என்றார். சற்று நேரம் கழித்து, மெல்லிய குரலில் ஓர் அடி பாடினார். நான் திண்ணையில் தாளம் போட்டேன். அடுத்த அடியை ஆயா எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் அப்பாட்டுத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

யாழினி, உன் கடிதத்தை மீண்டும் படித்தேன். நான்கு வினாக்கள் கேட்ட நீ, உன் தந்தையின் வேலையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கிறேன். எழுது, தாள் கிழியாது.

இப்படிக்கு
உன் அன்புத் தோழி,
செல்வி.

சொல்லும் பொருளும்

ஆயா – பாட்டி (வட ஆர்க்காட்டு வழக்கு)
பின்பாட்டு – கூத்தில் முன்னவர் பாடுவதைப் பின்நின்று தொடர்ந்து பாடுதல்
அடுக்களை – சமையலறை
சாளரம் – சன்னல்
தோய்த்து – நனைத்து

இலக்கணம் அறிவோம்

வினா ஆறு வகைப்படும். அவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன. தான் விடை அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ எனக் காணக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. யாழினி கேட்டவை அறியாவினாக்கள். செல்வியோ தன்னை எடைபோடக் கேட்டவை என்று முதலில் அஞ்சினாள்.

விடை எட்டு வகைப்படும். அவை சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன. கடிதத்தில் எட்டு விடைகளும் உள்ளன. நான்கைக் காண்போம்.

1. "பொன் இருக்குமா?" – "இல்லை." மறுத்துக் கூறுவதால் மறை விடை.
2. "வாயில் என்றே எழுத வேண்டுமா?" – "எழுதினால் தாள் கிழிந்துவிடுமா?" வினாவையே விடையாகக் கூறுவதால் வினா எதிர் வினாதல் விடை.
3. "பாடுவீர்களா?" – "பாடினால் மூச்சு வாங்கும்." இனி நேர்வதைக் கூறுவதால் உறுவது கூறல் விடை.
4. "பாடுவாயா?" – "தாளம் போடுவேன்." கேட்டதற்கு இனமான வேறொன்றைக் கூறுவதால் இனமொழி விடை.

பயிற்சி

1. எஞ்சிய நான்கு விடைவகைகளுக்கும் கடிதத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தருக.
2. "அலுவலகத்தின் உள்ளேயா, வாயிலிலா?" என்பது வடிவத்தால் ஐயவினா. எனினும் தாத்தா விடையை முன்பே அறிவார். ஆயின் இஃது எவ்வகை வினா? காரணம் கூறுக.
3. செல்வி முதலில் எழுதிய தொடர் பொய்யன்று. பின் ஏன் அதனை மாற்றினாள்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. சுரங்கம் மூடப்பட்டது செல்வியின் குடும்பத்தை எவ்வாறு மாற்றியது?
5. யாழினியாக உங்களை எண்ணிக்கொண்டு, செல்விக்கு விடைக் கடிதம் எழுதுக.
6. செயல்திட்டம்: உங்கள் குடும்பம் இப்போதுள்ள ஊருக்கு வந்த காலம், வந்த காரணம், முதலில் குடியிருந்த வீடு, அங்குச் சமைத்த உணவு, கேட்ட பாட்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. அவர் கூற விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டா. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுக.