கறுப்புக் காரும் உப்புத் தண்ணியும்



வண்டி கழுவும் தொழிலைக் கையில் எடுத்திருக்கும் குழுக்களிடமிருந்து ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. "வெள்ளைக் கார் கழுவினா ஒரு பேச்சும் இல்லக்கா. கறுப்பு, கருநீலக் கார் வந்தா மட்டும் டிரைவர் அண்ணன் திரும்பி வந்து, கழுவியும் புள்ளி புள்ளியா நிக்குதேன்னு கேக்குறாரு." கல்யாண சீசனில் வாடகைக்கு ஓடும் கார்கள் பெரும்பாலும் கறுப்புதான். பேசிய கூலியில் பாதியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இடுப்பு ஒடிய வேலை செய்தது நாம், பேர் கெடுவதும் நமக்கே. அதனால் இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். அந்தப் புள்ளி அழுக்கு இல்லை, உப்பு. நம் ஊர் போர் தண்ணியில் பருப்பு வேக நேரமாகிறது, சோப்பு நுரைப்பதில்லை, வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுகிறது. அதே பொருக்குதான் காரின் மேலும் நிற்கிறது. தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஆவியாகாது. துளி காய்ந்ததும் வட்டமாக அங்கேயே தங்கிவிடும். வெள்ளைக் காரிலும் அதே புள்ளி இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கறுப்பு வெயிலை அதிகம் இழுத்துச் சூடாவதால் துளி இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி 1 லிட்டர் தண்ணியில் கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். நம் போர் தண்ணியில் 1000 இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 லிட்டருக்கு 1 கிராம். ஒரு காருக்கு 100 லிட்டர் ஊற்றினால் 100 கிராம் உப்பை அதன் மேல் ஊற்றுகிறோம்! முக்கால்வாசி வழிந்து ஓடிவிடும். கடைசியாக நிற்கிற துளிகளில் இருப்பதுதான் நம் கூலியைக் குறைக்கிறது.

ஆகவே முழுக் காரையும் நல்ல தண்ணியில் கழுவத் தேவையில்லை. போர் தண்ணியிலேயே கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் 10 அல்லது 15 லிட்டர் உப்பில்லாத தண்ணி போதும். ஆர்.ஓ. தண்ணி எடுக்கலாம். மழைத் தண்ணி அதைவிட மேல், காசும் இல்லை. 2003-லேயே நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கூரைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்திருக்கும் குழுக்களுக்கு இது ஒரு வரம். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வருவதைத் துணியில் வடிகட்டி மூடி வையுங்கள். ஆனால் ஆர்.ஓ. பிளாண்டில் கழிவாக வெளியே விடும் தண்ணி சும்மா கிடைக்கிறதே என்று அதைப் பிடித்து வராதீர்கள். அதில் போர் தண்ணியைவிட உப்பு அதிகம்.

இனி வேலைக்கு வருவோம். காலை 8 மணிக்கு முன்போ, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் கழுவுங்கள். ஓடி வந்த வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறட்டும். முதலில் வெறும் தண்ணி அடித்து மண்ணை இறக்க வேண்டும். மண்ணோடு தேய்த்தால் கறுப்பில் சிலந்தி வலை மாதிரிக் கீறல் விழும், அது புள்ளியைவிடப் பெரிய வம்பு. இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணி. துணி சோப்பு, பாத்திரப் பவுடர் வேண்டவே வேண்டாம். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி.

நுரையைக் காய விடக்கூடாது. ஒரு பக்கம் தேய்த்ததும் உடனே அலசி, பிறகு அடுத்த பக்கம் போங்கள். ஒருத்தி தேய்க்க, ஒருத்தி அலச என்று இரண்டு பேர் நின்றால் சுலபம்.

கடைசி அலசலுக்கு நல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிக்காமல் பூவாளியிலோ குடத்திலோ எடுத்து, கூரையிலிருந்து மெதுவாக வழிய விடுங்கள். பீய்ச்சினால் ஆயிரம் துளியாகச் சிதறி நிற்கும். வழிய விட்டால் தண்ணி போர்வை மாதிரி ஒன்றாக இறங்கி, பாதிக்கு மேல் தானே வடிந்துவிடும். கைத்தெளிப்பான் இருக்கிறதே என்று பூச்சிமருந்து அடித்ததை மட்டும் எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் மருந்து தங்கும்.

உடனே துடைக்க வேண்டும், தானாகக் காயட்டும் என்று விடவே கூடாது. பழைய சேலைத் துணியில் துடைப்பது நம் வழக்கம், ஆனால் அதன் தையலும் ஜரிகையும் கீறும். மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வாங்குங்கள். ஒன்றை விரித்துப் போட்டு அழுத்தாமல் இழுத்தால் தண்ணியைக் குடித்துவிடும். இரண்டாவது ஈரம் போக்க. கீழே விழுந்த துண்டை அலசாமல் எடுக்காதீர்கள். முடித்துவிட்டோம் என்று உட்கார்ந்த பிறகுதான் பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இவற்றிலிருந்து தண்ணி கோடாக ஒழுகும். கதவு, டிக்கி எல்லாம் ஒருமுறை திறந்து மூடி, இடுக்குகளைத் துடைத்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

ஏற்கெனவே புள்ளியோடு வரும் காருக்கு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணியும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். காய்வதற்குள் அலசித் துடைக்க வேண்டும். புதுப் புள்ளி போய்விடும். வெயிலில் நாள்கணக்கில் நின்று பெயிண்டில் பள்ளம் விழுந்த புள்ளி போகாது. பாலிஷ் போடுகிற இடத்துக்குப் போகச் சொல்லி, வேலை தொடங்கும் முன்பே வண்டிக்காரரிடம் அதைக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பழியும் நம் தலையில்தான். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

துண்டுகளைத் தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஊற்றினால் அது தண்ணியைக் குடிக்காது.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்யுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து, போர் தண்ணி, தெருக்குழாய் தண்ணி, ஆர்.ஓ., மழைத் தண்ணி என்று ஒவ்வொரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். எதில் வெள்ளை வட்டம் விழவில்லையோ, அதுதான் உங்கள் கடைசி அலசல் தண்ணி. கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.