இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதா? முதலில் அளந்து பாருங்கள்

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பவர் ஆணாக இருந்தால் "புராஸ்டேட்டாக இருக்கும்" என்கிறோம். பெண்ணாக இருந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே அவசர முடிவு. இந்தத் தொல்லைக்குப் பழக்க மாற்றம், மாத்திரை, அறுவை என்று பல வழிகள் இருக்கின்றன. ஒருவருக்குக் கைகொடுத்தது இன்னொருவருக்கு உதவாது. சிலருக்குக் கெடுதலும் செய்யும். ஏனென்றால் சிலருக்குச் சிறுநீரகம் இரவில் அதிக நீரைப் பிரிக்கிறது. சிலருக்கு நீரின் அளவு சரிதான், சிறுநீர்ப்பைதான் தாங்குவதில்லை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு நோட்டும் போதும். மூன்று நாள், கழிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் மில்லியையும் எழுதுங்கள், குடித்ததையும் எழுதுங்கள். படுத்தபின் கழித்ததோடு காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் கூட்டினால் இரவுக் கணக்கு கிடைக்கும். 65 வயதைத் தாண்டியவருக்கு அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இளவயதினருக்கு ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் 1,500 மில்லியில் இரவில் மட்டும் 800 என்றால் இரவு நீர் அதிகம். நான்கு முறை எழுந்தும் ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் என்றால் பையில்தான் சிக்கல். நாள் மொத்தமே உடல் எடையின் கிலோவுக்கு 40 மில்லியைத் தாண்டினால், அதாவது 60 கிலோ எடைக்கு 2,400 மில்லிக்கு மேல் போனால், முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். இரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்போது அது சிறுநீரில் இறங்கி, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இரவு நீர் அதிகம் என்றால் கால்களைப் பாருங்கள். மாலையில் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. இதற்கு நான் முதலில் சொல்வது மாத்திரையை அல்ல. பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துப் படுங்கள். மருத்துவர் சம்மதித்தால் பகலில் இறுக்கக் காலுறை போடுங்கள். நீர் மாத்திரை சாப்பிடுபவர், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பாக, பிற்பகலில் அதைச் சாப்பிடலாமா என்று கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையாலும் கால் வீங்கும்; நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். வீக்கம் புதிதாக வந்து மூச்சும் வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

உப்பை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. ஜப்பானின் நாகசாகி ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமாக உப்பைக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரி 2.3 முறையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று பழகிய நாம் இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும். படுக்கும்முன் குடிக்கும் பாலையும் மாலைக் காப்பியையும் முன்னதாகவே குடித்துவிடுங்கள். ஆனால் பயந்துபோய் பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைக்கிறார்களே, அது தவறு. நம் வெயிலில் அது மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் கல்லையும் கொண்டுவரும். குறைக்க வேண்டியது மாலைக்குப் பிறகுதான்.

சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி எழுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதே காரணமாக இருக்கலாம். அப்போது இதயத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைப் பெருக்குகிறது. முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைப் போட்டுத் தூங்கத் தொடங்கினால் பலருக்கு இரவுத் தொல்லையும் குறைகிறது.

டெஸ்மோபிரெசின் இரவு நீரைக் குறைக்கும் மாத்திரை. இதைக் கடைசியில்தான் வைப்பேன். வயதானவருக்கு இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். தொடங்குமுன்னும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் சோடியம் பார்க்காமல் இதைத் தொடரக் கூடாது. இதயம் பலவீனமானவருக்கு இது ஆகாது.

பைதான் சிக்கல் என்றால் வழி வேறு. நீர் மெலிதாக, முக்கி முக்கி வரும் ஆணுக்கு டாம்சுலோசின் சில நாளிலேயே ஓட்டத்தைச் சீராக்கும். ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றலாம், இரவில் எழுபவருக்கு அது விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியலாம். புராஸ்டேட் சுரப்பி பெரிதாக இருந்தால் ஃபினாஸ்டரைட் உதவும். பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகும். அறுவை செய்துகொண்டால் ஓட்டம் நன்றாகத் திறக்கும், இரவில் எழுவது மட்டும் பலருக்கு நீடிக்கிறது. அந்த ஒன்றுக்காக மட்டும் அறுவைக்குச் சம்மதிப்பவர், முதலில் தன் இரவுக் கணக்கை மருத்துவரிடம் காட்டட்டும்.

அடக்க முடியாத அவசரம் உள்ளவருக்கு, ஆணோ பெண்ணோ, இடுப்புத்தளப் பயிற்சியில் தொடங்கலாம். சாலிஃபெனசின், ஆக்ஸிபியூடினின் போன்ற மாத்திரைகளால் வாய் வறளும், மலம் இறுகும். முதியோருக்கு ஞாபகம் தடுமாறலாம். மிராபெக்ரானில் அந்தத் தொல்லை குறைவு, பிரஷரை மட்டும் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நல்ல வழி. இதைக் கேட்கவே நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள், மருத்துவருக்கு இது அன்றாட விஷயம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பலன் தெரியும்வரை படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையே சிறு விளக்கு எரியட்டும். நடை தளர்ந்தவருக்குக் கட்டிலருகே ஒரு பாத்திரம் வையுங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமை இவற்றில் எது இருந்தாலும் மூன்று நாள் அளந்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.