யாரும் பார்க்காத தேர்வு

தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பாளர் இருக்கிறார். அவருடைய பார்வை மாணவனின் பார்வையைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வீட்டில் அமர்ந்து எழுதும் விடைக்கு யார் காவல்? பல்கலைக்கழகப் படிப்பின் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொருவர் முன்னும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

கொச்சி நகரின் கலூர், அங்குள்ள பெரிய விளையாட்டரங்கால் பலரும் அறிந்த இடம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கொச்சி மண்டல மையமும் கலூரில்தான் அமைந்துள்ளது. 1985-இல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம், நாள்தோறும் வகுப்புக்குச் செல்ல இயலாதவர்களுக்கும் உயர்கல்வியைக் கொண்டு சேர்க்கிறது. பகலில் வேலைக்குச் செல்வோர், குடும்பப் பொறுப்பால் படிப்பைப் பாதியில் விட்டோர், வயது கடந்தபின் கற்கும் ஆவல் கொண்டோர் எனப் பலரும் இதில் சேர்கின்றனர்.

இதன் பட்டப்படிப்புகளில் பொதுவாக 100-க்கு 30 பங்கு அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்புகளுக்கும், 70 பங்கு பருவ இறுதித் தேர்வுக்கும் உரியவை. ஒப்படைப்பின் வினாக்கள் முன்னதாகவே மாணவர் கைக்கு வந்துவிடுகின்றன. பாடநூலைப் படித்து, வீட்டிலேயே விடைகளைத் தம் சொந்தச் சொற்களில், தம் கைப்பட எழுதி ஒப்படைக்க வேண்டும். பிறருடைய விடையைப் பார்த்து எழுதியது தெரிந்தால் அது ஏற்கப்படாது.

கையெழுத்தும் கருத்தும்

விதி தெளிவானது. ஆயினும் அதை வெளித்தோற்றத்தில் மட்டும் காப்பாற்றவும் வழி இருக்கிறது. ஆயத்த விடைகள் விலைக்குக் கிடைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வினாவைக் கொடுத்தால் சில நொடிகளில் கட்டுரையே வந்துவிடுகிறது. அதை வரி பிசகாமல் தன் கையால் எழுதி ஒப்படைப்பவர், ‘என் கையெழுத்துதானே’ என்று தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். கை அவருடையது, கருத்து அவருடையதன்று. விரல் உழைத்தது, அறிவு உழைக்கவில்லை.

இப்படிச் செய்பவர் எல்லோரையும் தீயவர் என்று ஒதுக்கிவிட முடியாது. நாள் முழுதும் வேலை செய்து களைத்தவருக்கு நேரம் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் எழுதுகோலைப் பிடிப்பவருக்குத் தம் சொந்த நடையின்மீது கூச்சம். ‘பிழையாக எழுதி அவமானப்படுவதைவிட, சரியானதைப் பார்த்து எழுதுவது மேல்’ என்று மனம் வாதிடுகிறது. இந்த வாதம் எங்கே தவறுகிறது என்பதைக் காண, ஒரு சிறுவனின் தேர்வு துணை செய்யும்.

ராஜ்கோட்டில் ஒரு தேர்வு

காந்தியடிகள் ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு படித்தபோது, கைல்ஸ் என்னும் கல்வி ஆய்வாளர் பள்ளியைப் பார்வையிட வந்தார். மாணவர்களுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து எழுதச் சொன்னார். அவற்றுள் ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவன் மோகன்தாஸ் பிழையாக எழுதினான். ஆசிரியர் தம் காலணியின் நுனியால் அவனுக்குக் குறிப்புக் காட்டினார். பக்கத்து மாணவனின் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள் என்பது அதன் பொருள். சிறுவனுக்கு அது விளங்கவேயில்லை. பார்த்து எழுதாமல் தடுப்பதற்காகத்தானே ஆசிரியர் நிற்கிறார் என்பது அவன் எண்ணம். முடிவில் அவனைத் தவிர ஏனையோர் அனைவரும் ஐந்து சொற்களையும் பிழையின்றி எழுதியிருந்தனர். இந்நிகழ்ச்சியைக் காந்தியடிகளே தமது ‘சத்திய சோதனை’யில் பதிவு செய்திருக்கிறார்.

ஆய்வாளர் எதற்காக வந்தார்? வகுப்பு எவ்வளவு கற்றிருக்கிறது என்று அறிய வந்தார். அவர் கேட்ட கேள்விக்கு மோகன்தாஸின் பலகை உண்மையான விடையைச் சொன்னது. எழுத்துப் பிழைதான், ஆனால் பொய் அன்று. பக்கத்துப் பலகையைப் பார்த்து அவன் திருத்தியிருந்தால் எழுத்து சரியாகியிருக்கும்; செய்தி பொய்யாகியிருக்கும்.

மதிப்பீடு என்பது மருத்துவப் பரிசோதனை போன்றது. தன் இரத்தத்துக்குப் பதிலாக உடல்நலம் மிக்க மற்றொருவரின் இரத்தத்தைக் கொடுத்தவனுக்கு நல்ல அறிக்கை கிடைக்கும். நோய் மட்டும் அவனிடமே தங்கிவிடும். ஒப்படைப்பைத் திருத்தும் பேராசிரியர் மதிப்பெண்ணோடு குறிப்புரையும் எழுதித் திருப்பித் தருவது மாணவரின் குறையைப் போக்கத்தான். ஆசிரியரை நேரில் காணும் வாய்ப்புக் குறைந்த தொலைநிலைக் கல்வியில், அந்தக் குறிப்புரைதான் வகுப்பறை. விலைக்கு வாங்கிய விடைக்கு எழுதப்படும் குறிப்புரையால் யாருக்குப் பயன்?

விதியின் எல்லை

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கென ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை எனில் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை எனில் ஓராண்டு தடை. அதையும் கடந்தால் பதிவே நீக்கப்படும். ஆய்வு மாணவருக்கு வகுக்கப்பட்ட இந்த அளவுகோல், முதலாம் ஆண்டு மாணவரும் அறிந்துகொள்ளத் தக்கது. ஏனெனில் ஆய்வேட்டில் வெளிப்படும் பழக்கம் முதல் ஒப்படைப்பிலேயே வேர் விடுகிறது.

எனினும், கணினி ஒப்புமையை அளக்குமே தவிர உண்மையை அளக்காது. சொற்களை மட்டும் மாற்றிப் போட்டு அதனிடமிருந்து தப்பிவிடலாம். விதி வந்து நின்றுவிடும் இடத்திலிருந்து மனசாட்சியின் பணி தொடங்குகிறது.

நேர்மைக்குச் சில பயிற்சிகள்

நேர்மையும் பயிற்சியால் வளர்வதே. ஒப்படைப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குவது முதற்படி; அவசரமே பெரும்பாலும் களவுக்கு வாசல் திறக்கிறது. பாடத்தைப் படித்தபின் நூலை மூடிவிட்டு எழுதுவது இரண்டாம் படி. பிறர் கருத்தை எடுத்தாளும்போது இன்னார் கூறியது என்று குறிப்பிடுவது மூன்றாம் படி. நண்பர்களோடு கலந்து பேசுவதில் தவறில்லை. பேசியபின் தனியே அமர்ந்து எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியரிடம் கேட்கத் துணிவது எல்லாவற்றுக்கும் மேலான படி.

இவ்வாறு எழுதியவருக்கு 30-க்கு 17 மட்டுமே கிடைக்கலாம். பக்கத்தில் இருப்பவர் வாங்கிய விடையால் 27 பெறலாம். ஆனால் அந்தப் பதினேழும் அவருடையவை. எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்றும் தெரியும். பட்டம் சுவரில் தொங்கும். தானே எழுதப் பழகிய கையும், தானே சிந்திக்கப் பழகிய மனமும் வாழ்நாள் முழுதும் உடன் வரும்.